ஏவலாள் போனான், எசமான் போகவில்லை

எழுத்துக் கட்டளையால் கணினியை இயக்குவோர், கோப்புகள் அடங்கிய ஓர் அடைவிலிருந்து இன்னோர் அடைவுக்குச் செல்ல 'சிடி' என்று எழுதி, அவ்வடைவின் பெயரையும் சேர்ப்பர். பெயருக்குப் பதிலாக இரு புள்ளிகள் இட்டால் மேலடைவு. சிறு கோடு இட்டால் முன்பிருந்த இடம். இவ்வளவு எளிய கட்டளை தன்னைப் படைத்தோரையே ஒருகால் திகைக்க வைத்தது!

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் 1969இல் யூனிக்ஸ் என்னும் இயக்குமுறையை ஆக்கத் தொடங்கினர். ஒவ்வொரு கட்டளையையும் நிறைவேற்றத் தனியோர் ஏவலாள் தோன்றி மறையும்படி பின்னர் அதனைத் திருத்தினர். உடனே, இடம் மாற்றும் கட்டளை பயனற்றுப் போயிற்று. யாது காரணம்? ஏவலாள் புதிய அடைவுக்குச் சென்று அங்கேயே மாண்டான். கட்டளையிட்ட 'ஷெல்' என்னும் எசமானோ நின்ற இடத்திலேயே நின்றார். அன்றுமுதல் எசமானே எழுந்து நடக்கவேண்டியதாயிற்று.

இன்றும், 'சிடி'யைத் தனிக் கோப்பொன்றில் எழுதி ஓட்டிவிட்டு, இடம் மாறிவிட்டதாக நம்பி அழிப்புக் கட்டளை இடுவோர், நின்ற அடைவின் கோப்புகளையே இழக்கின்றனர். 'பிடபிள்யூடி' என்று கேட்டிருந்தால், நிற்குமிடத்தை ஒரே வரியில் அது சொல்லியிருக்கும்.