உங்களுக்குத் தெரியுமா? மருந்தில்லாத ஊசியிலும் வலி குறையும்!

ஞானப்பல் பிடுங்கியவர்களுக்கு 1978-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு சோதனை நடந்தது. வலி மருந்து என்ற நம்பிக்கையில் அவர்கள் போட்டுக்கொண்ட ஊசியில் சிலருக்கு மருந்தே இல்லை. அப்படியும் அவர்களில் ஒரு பகுதியினருக்கு வலி தணிந்தது.

வெறும் மனப்பிரமையா? ஆய்வாளர்கள் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் அடுத்து நலாக்ஸோன் கொடுத்துப் பார்த்தார்கள். மார்ஃபின் என்ற வலி மருந்து போய் ஒட்டும் ஏற்பிகளை அடைத்து, அதன் வேலையைத் தடுக்கும் மருந்து அது. அப்போது, வலி தணிந்திருந்தவர்களுக்கு மறுபடி வலி கூடியது! அப்படியென்றால் அந்த நிவாரணம் கற்பனை இல்லை. மார்ஃபினைப் போன்ற பொருளை மூளை தானே சுரந்திருக்கிறது. அத்தகைய பொருளைப் பன்றி மூளையிலிருந்து ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஆய்வாளர்கள் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் பிரித்தெடுத்தது 1975-இல்தான்.

இத்தாலியின் டுரினில் ஆய்வாளர் பெனடெட்டியின் குழு இந்தப் பொய் ஊசிச் சோதனையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது. இம்முறை அசல் மருந்து. சிலருக்கு மருத்துவர் எதிரில் நின்று, சொல்லிவிட்டு ஊசி போட்டார். மற்றவர்களுக்கு இயந்திரம் சத்தமில்லாமல் ரத்தக்குழாய் வழியே செலுத்தியது. அதே அளவு மருந்துதான். தெரியாமல் ஏறியபோது வலி அவ்வளவாகக் குறையவில்லை.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பொய் ஊசிக்கு வலி குறைந்தவரைப் பார்த்து “உனக்கு வலியே இல்லை, நடிக்கிறாய்” என்பதும் பெரிய அநியாயம். அவருடைய வலியும் நிஜம், நிவாரணமும் நிஜம்.