மெழுகுவர்த்தி போன வழி: அணுமின் நிலையச் சுவரின் ஓட்டைகளைச் சரியாக அடைப்பது எப்படி?

வீட்டுக்கு ஏ.சி. மாட்டியவர்களுக்கு ஒரு காட்சி ஞாபகம் இருக்கும். சுவரைத் துளைத்து, தாமிரக் குழாயை வெளியே விட்டு, மிச்சம் இருக்கிற ஓட்டையில் கொஞ்சம் எம்-சீலோ, பழைய பேப்பரோ, ஸ்ப்ரே ஃபோமோ திணித்துவிட்டு மெக்கானிக் கிளம்பிவிடுவார். நமக்கும் திருப்திதான். பல்லி வராது, தூசி வராது. இன்றைக்குப் பேசப்போவது இதே ஓட்டையைப் பற்றித்தான். ஆனால் இது அணுமின் நிலையத்துச் சுவரில் இருக்கிறது.

1975 மார்ச் 22. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஏதன்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ப்ரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். முதல் இரண்டு அலகுகளும் முழு அளவில் மின்சாரம் தயாரித்துக்கொண்டிருந்தன. மூன்றாவது இன்னும் கட்டுமானத்தில். கன்ட்ரோல் ரூமுக்குக் கீழே கேபிள்கள் எல்லாம் வந்து பிரிந்து போகிற ஓர் அறை உண்டு. அங்கிருந்து சுவர் வழியாக ரியாக்டர் கட்டடத்துக்குள் கேபிள்கள் போகும். அந்தச் சுவர் ஓட்டைகளில் காற்று கசிகிறதா என்று சிலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன் காற்று கசியக்கூடாது? ரியாக்டர் கட்டடத்துக்குள் காற்றழுத்தத்தை வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வைத்திருப்பார்கள். உள்ளே ஏதாவது கதிரியக்கக் கசிவு நடந்தாலும் காற்று வெளியிலிருந்து உள்ளேதான் போகும், உள்ளிருந்து வெளியே வராது. அதற்கு ஓட்டைகள் இறுக்கமாக இருக்கணும்.

கசிவைக் கண்டுபிடிக்க அவர்கள் கையில் இருந்த கருவி ஒரு மெழுகுவர்த்தி. கதை இல்லை, நிஜம். சுடர் அசைந்தால் அங்கே காற்று போகிறது என்று அர்த்தம். ஒரு ஓட்டையில் கசிவு தெரிந்தது. பாலியூரிதேன் ஃபோம் துண்டுகளைத் திணித்தார்கள். அடைபட்டதா என்று பார்க்கத் திரும்பவும் மெழுகுவர்த்தியைக் கிட்டே கொண்டுபோனார்கள். உள்ளே இழுத்த காற்று சுடரையும் சேர்த்து இழுத்தது. ஃபோம் பிடித்துக்கொண்டது. அணைக்க முயற்சிப்பதற்குள் தீ சுவரைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டது.

7 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதம். அதில் 628 பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை. முதல் அலகில் அவசரக் காலத்தில் ரியாக்டரைக் குளிர்விக்க வேண்டிய அமைப்புகள் செயலிழந்தன. எரிபொருளுக்கு மேல் வழக்கமாக 5 மீட்டர் அளவுக்கு இருக்கும் நீர் சுமார் 1.2 மீட்டர் வரை இறங்கியது. மிச்சம் இருந்த பம்புகளை வைத்து ஆபரேட்டர்கள் எப்படியோ சமாளித்தார்கள். மின்சாதனங்கள் மேல் தண்ணீர் அடிக்கலாமா என்ற தயக்கம் மாலை வரை நீடித்தது. உள்ளூர் தீயணைப்புத் துறைத் தலைவர் ஆரம்பத்திலிருந்தே தண்ணீர்தான் வழி என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அடித்தார்கள், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. கதிரியக்கம் வெளியேறவில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்கணும். அன்றைக்கு அவர்கள் செய்துகொண்டிருந்ததே ஒரு குறையைச் சரிசெய்யும் வேலைதான். அந்த ஓட்டைக்கு இரண்டு கடமைகள்: காற்றை நிறுத்தணும், தீயையும் நிறுத்தணும். திணித்த ஃபோம் முதல் வேலையைச் செய்தது. இரண்டாவது வேலைக்கு அதுவே விறகு. வடிவமைப்பின்படி ஃபோமுக்கு மேலே தீயைத் தாங்கும் பூச்சு ஒன்று பூச வேண்டும். புதிய கேபிள் விடுவதற்காகத் திறந்த ஓட்டையில் அது இல்லை. இன்னொரு விஷயம்: இரண்டு நாளைக்கு முன்பே இதே மாதிரி ஒரு சின்னத் தீ வந்து அணைத்திருக்கிறார்கள். மெழுகுவர்த்தி மட்டும் நிற்கவில்லை.

இதற்குப் பிறகு அமெரிக்காவின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமான என்.ஆர்.சி. தீப்பாதுகாப்பு விதிகளைப் புதிதாக எழுதியது. 'அப்பெண்டிக்ஸ் ஆர்' என்று சொல்வார்கள், 1980-இல் வந்தது. ஒரு ரியாக்டரை நிறுத்தவும் குளிர்விக்கவும் இரண்டு தனித்தனி வழிகள் இருக்கும். ஒரே தீ இரண்டையும் சாப்பிட்டுவிடக் கூடாது. அதற்காக நடுவில் 3 மணி நேரம் தாங்கும் சுவர். சுவர் கான்கிரீட், அது தாங்கும். சிக்கல் அதில் இருக்கிற ஓட்டைகளில். ஒரு நிலையத்தில் இப்படி ஆயிரக்கணக்கான ஓட்டைகள் உண்டு. ஒவ்வொன்றும் அந்த 3 மணி நேரத்தைத் தாங்கினால்தான் அது 3 மணி நேரச் சுவர்.

'தாங்கும்' என்று யார் சொல்வது? உலைதான் சொல்லணும். சுவரில் ஓட்டை போட்டு, கேபிள் விட்டு, சீல் போட்டு, அந்த மாதிரியை உலையில் வைத்து ஒரு பக்கம் எரிப்பார்கள். 5 நிமிடத்தில் 538 டிகிரி செல்சியஸ், 1 மணி நேரத்தில் 927, 3 மணி நேரம் முடியும்போது 1,052. மறுபக்கம் தீ எட்டிப் பார்க்கக் கூடாது, அங்கே கேபிள் உறை பற்றுகிற அளவுக்குச் சூடும் ஏறக் கூடாது. அப்புறம் குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடிப்பார்கள். கரியாகிப் போன சீல் அந்த அடியில் பிய்ந்து விழுந்தால் தோல்வி.

ஆக, சரியான சீல் என்பது என்ன? உலையில் பாஸான ஒரு மாதிரியின் நகல். அதே பொருள், அதே ஆழம், அதற்கு மிகாத ஓட்டை அளவு, அதே மாதிரி கேபிள் நெரிசல். பார்க்க அடைபட்ட மாதிரி இருக்கிறது என்பது கணக்கில் வராது.

இங்கேதான் பல நிலையங்கள் மாட்டின. ப்ரவுன்ஸ் ஃபெர்ரிக்குப் பிறகு பரவலாக வந்த பொருள் சிலிகான் ஃபோம். இரண்டு திரவங்களைக் கலந்து ஓட்டைக்குள் ஊற்றினால் பொங்கி, சில நிமிடங்களில் இறுகிவிடும். இட்லி மாவு மாதிரி நினைத்துக்கொள்ளுங்க: கலவை விகிதமும் வெப்பநிலையும் கொஞ்சம் மாறினால் உள்ளே பொந்து விழும். திரவம் வழியாமல் இருக்க இரண்டு பக்கமும் பலகை வைத்து அடைப்பார்கள். ஊற்றி முடித்த பிறகு பலகை அங்கேயே இருந்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது பலகை மட்டும்தான். பின்னால் இருக்கும் வெற்றிடமோ, பிளவோ, ஃபோம் சுருங்கி கேபிளைவிட்டு விலகின இடைவெளியோ தெரியாது. 1988-இல் என்.ஆர்.சி. இந்தக் குறைகளைப் பற்றி நிலையங்களுக்கு அறிவிப்பு அனுப்பியது. அதே வருடம் இன்னோர் அறிவிப்பு: சீல் இருக்கிறது, ஆனால் அது எந்தச் சோதனையில் பாஸானது என்பதற்குச் சரியான ஆவணம் இல்லை. எனக்கு இந்த இரண்டாவதுதான் அதிகம் உறுத்துகிறது. பொந்தைத் தோண்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். காகிதம் இல்லாத சீல் நல்லதா கெட்டதா என்று தோண்டினாலும் சொல்ல முடியாது.

சரி, ஒரு சீலில் குறை தெரிந்துவிட்டது. என்ன செய்யணும்?

முதல் வேலை ஃபோம் இல்லை, ஆள். அந்தத் தடுப்பு 'செயல்படாது' என்று பதிவாகும். 1 மணி நேரத்துக்குள் அங்கே ஃபயர் வாட்ச் போடணும். தீ உணர்கருவி வேலை செய்கிறது என்றால் மணிக்கு ஒருமுறை ஒருவர் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் தொடர் காவல். அலுப்பான வேலைதான். போகாமலே கையெழுத்துப் போட்டு மாட்டியவர்களும் உண்டு.

அடுத்து, இந்த ஒன்று மட்டும்தானா என்று பார்க்கணும். வழக்கமான விதி இது: 18 மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வகைச் சீலிலும் 10 சதவீதத்தைப் பார்ப்பார்கள். அதில் குறை கண்டால் இன்னொரு 10 சதவீதம். சுத்தமாக வரும்வரை இப்படியே போகும். 15 வருடத்தில் எல்லாச் சீலும் ஒருமுறையாவது கண்ணில் படும்.

பிறகுதான் பழுது. பழைய ஃபோமைத் தோண்டும்போது கூர்மையான கத்தி கேபிள் உறையைக் கிழித்துவிடலாம். தீயைத் தடுக்கப் போய் மின்கோளாறை உண்டாக்கின கதை ஆகிவிடும். ஆழம் அளந்து, பலகை கட்டி, ஃபோம் ஊற்றி, அதே கலவையில் ஒரு மாதிரி எடுத்து அடர்த்தி பார்த்து, இறுகின பிறகு விளிம்புகளில் விட்டுப்போன இடைவெளியை நிரப்பி, வேறொருவர் சரிபார்த்து, சீல் எண்ணோடு வரைபடத்தில் ஏற்றணும். நாளைக்கு ஒரு புதிய கேபிள் அந்த வழியாகப் போனால் இதெல்லாம் முதலிலிருந்து.

இருக்கிற சீல் எந்தச் சோதனைக்கும் பொருந்தவில்லை என்றால்? மாற்றிப் போடலாம், புதிதாக ஒரு சோதனை நடத்தலாம். மூன்றாவதாக, இந்த வித்தியாசத்தால் ஆபத்து இல்லை என்று பொறியாளர் காரணத்தோடு எழுதி வைக்கலாம். அனுமதிக்கப்பட்ட வழிதான். ஆனால் சோதித்தது 25 சென்டிமீட்டர் ஆழம், சுவரில் இருப்பது 20 என்றால், 'பரவாயில்லை' என்று எழுதுவதற்கு முன்னால் எனக்குக் கை கொஞ்சம் நடுங்கும்.

ஒரு விநோதமும் சொல்லிவிடுகிறேன். சீலுக்கு எரியாத பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று அப்பெண்டிக்ஸ் ஆர் சொல்லியிருந்தது. சிலிகான் ஃபோமோ எரியக்கூடியது! மெதுவாக எரிந்து, கரியாகி, அந்தக் கரியே பின்னால் இருப்பதைக் காக்கும். சரியாகப் போட்டால் 3 மணி நேரமும் தாங்குகிறது. கடைசியில் 2000-இல் 'எரியாத' என்ற அந்த நிபந்தனையை என்.ஆர்.சி. எடுத்துவிட்டது. சோதனையில் பாஸாக வேண்டும் என்பது அப்படியே நின்றது. விதியைத் தளர்த்திவிட்டார்கள் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு இதில் குறை தெரியவில்லை. பொருளின் பெயரைவிட அது உலையில் என்ன செய்தது என்பதுதானே முக்கியம்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு பக்கம் உண்டு. 1993 மார்ச் 31 அதிகாலை, உத்தரப் பிரதேசத்தின் நரோரா நிலையம். முதல் அலகில் டர்பைன் பிளேடு முறிந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. தீ கேபிள்கள் வழியாகப் பரவியது. தனித்தனியாக இருந்திருக்க வேண்டிய மின்வழிகளின் கேபிள்கள் போதிய தீத்தடுப்பு இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் போயிருந்தன. நிலையம் சுமார் 17 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தது. கன்ட்ரோல் ரூமில் புகை நிறைந்து ஆட்கள் வெளியேற வேண்டியதாயிற்று. டீசலில் ஓடும் தீயணைப்பு பம்புகளைக் கையால் இயக்கித் தண்ணீர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இந்திய நிலையங்களில் கேபிள்களைப் பிரித்துப் போடுவதும், தடுப்புகள் வைப்பதும், தீத்தடுப்புப் பூச்சு பூசுவதும் தீவிரமாக நடந்தது.

காற்றுக் கசிவு பார்க்க மெழுகுவர்த்திக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். தீயில்லாமல் புகை விடும் சின்னக் குழாய் கிடைக்கிறது. ஒரு இறகு இருந்தாலும் போதும், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்டிவிடும்.