ஸ்லைடு பொய் சொல்லலாமா?

குட்டீஸ், 'ஆன்டிபாடி' என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 2020-ல் கொரோனா பரவியபோது, நாடு முழுவதும் மக்களின் ரத்தத்தில் அது இருக்கிறதா என்று ஆய்வு செய்தார்கள். அதை முன்னின்று நடத்தியது எது தெரியுமா? அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம்!

உடலுக்குள் கிருமி நுழைந்தால், அதை எதிர்க்க ரத்தத்தில் உருவாகும் பொருள்தான் ஆன்டிபாடி. ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனி ஆன்டிபாடி உண்டு. வைரஸுக்கு மட்டுமல்ல, ஒட்டுண்ணிகளுக்கும்தான்!

'டாக்ஸோபிளாஸ்மா' அப்படிப்பட்ட ஓர் ஒட்டுண்ணி. பூனையின் மலம், சரியாக வேகாத இறைச்சி ஆகியவற்றின் வழியாகப் பரவும். பெரும்பாலானவர்களுக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. ஆனால், கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்றினால் வயிற்றில் உள்ள குழந்தையின் கண், மூளை பாதிக்கப்படலாம். அதனால் சோதனை முடிவு சரியாக இருக்க வேண்டும்.

சோதனை முறைகளில் ஒன்று, ஒளிரும் ஸ்லைடு. 1941-ல் அமெரிக்க விஞ்ஞானி ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர், ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தை இணைத்துக் காட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்த முறை இது.

எப்படிச் செய்கிறார்கள்?

* கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுண்ணிகளை வைத்து உலர்த்தி, அசிட்டோனில் நனைத்து ஒட்ட வைப்பார்கள்.

* அதன்மேல் நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை விடுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் ஒட்டுண்ணியைப் பிடித்துக்கொள்ளும்.

* கழுவிவிட்டு, மனித ஆன்டிபாடியில் ஒட்டும் ஒளிர்சாயத்தைச் சேர்ப்பார்கள். மீண்டும் கழுவி, தனி வகை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒட்டுண்ணி பச்சையாக ஒளிரும்!

இதில் சின்னத் தவறும் ஆபத்து. ஸ்லைடில் விரல் பிசுக்கு இருந்தால் ஒட்டுண்ணிகள் கழுவும்போதே போய்விடும். பார்க்க எதுவும் மிஞ்சாது. சரியாகக் கழுவாவிட்டாலோ, நடுவில் காய்ந்துபோனாலோ இல்லாத நோய் இருப்பதுபோல ஒளிரும். அதனால் ஈரமான பெட்டிக்குள் ஸ்லைடை வைப்பார்கள். ஆன்டிபாடி 'உண்டு', 'இல்லை' என்று முன்பே தெரிந்த இரண்டு சீரங்களையும் கூடவே சோதிப்பார்கள். அவற்றின் முடிவு மாறினால், சோதனையை மறுபடி செய்ய வேண்டியதுதான்! ஆன்டிபாடி இருந்தாலும், தொற்று பழையதா புதியதா என்று அறிய வேறு சோதனைகளும் உண்டு.

நீங்களும் செய்து பாருங்கள்: எண்ணெய்க் கை பட்ட கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்கும். சோப்பு போட்டு நன்றாகக் கழுவிய டம்ளரில் ஒரே படலமாகப் பரவும். கண்ணாடி சுத்தமா என்று ஆய்வகங்களிலும் இப்படித்தான் பார்க்கிறார்கள்!

பூனையோடு விளையாடினால் சோப்பு போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள், சரியா?