உப்புக்கறையை நீக்க உக்கிர அமிலம் எதற்கு?

ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் வீடுகளில் குழாய், வாளி, கழிப்பறைக் கோப்பை என எங்கும் வெள்ளை படிவதைக் காணலாம். ‘உப்புக்கறை’ என்று நாம் அழைப்பது பெரும்பாலும் சமையல் உப்பு அன்று. கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். பெண்ணாடத்துக்குத் தெற்கே, அரியலூர் மாவட்டத்துச் சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டியெடுக்கப்படும் பாறையும் இதே பொருள்தான். நிலத்தடி நீர் அதைக் கரைத்து வருகிறது. நீர் ஆவியானதும் கல் மட்டும் தங்கிவிடுகிறது.

குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், மாற்று நீராதாரம் இல்லாதபோது 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. அளவு கூடக்கூடப் படிவும் தடிக்கும்.

இதைக் கரைக்க எந்த அமிலமும் போதும். அமிலம் பட்டதும் சுண்ணாம்பு கரியமில வாயுவாக நுரைத்துக் கரைகிறது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் வினிகரின் அசிட்டிக் அமிலமும் இதையே மெதுவாகச் செய்கின்றன. வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் அரை மணி நேரம் சுற்றிவைத்துக் கழுவினால் படிவு இளகிவிடும். பித்தளைப் பாத்திரத்தைப் புளியால் துலக்கும் நம் வழக்கமும் அமிலத்தின் வேலையே. அங்கே கரைவது உலோகத்தின் மேல் படிந்த களிம்பு.

ஆனால், பலர் நாடுவது கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத்தான். பெண்ணாடத்தை அடுத்த விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். உயர் வெப்பத்தில் சுட்ட பீங்கானின் பளபளப்பு உண்மையில் ஒரு கண்ணாடிப் பூச்சு. அது இந்த அமிலத்தைத் தாங்கும். ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமென்ட் தாங்காது. மொசைக் தரையும் பளிங்கும் சுண்ணாம்புப் பொருள்களே. அவற்றை எலுமிச்சைச் சாறுகூட அரிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் புளியை ஊறவைப்பதும் கூடாது.

தரையைவிடப் பெரிய கவலை மனித உடல். கடும் அமிலத்தின் ஆவி மூச்சுக்குழாயைத் தாக்கும். ஒரு துளி தெறித்தாலும் கண் பாழாகலாம். பிளீச்சிங் பவுடருடன் எந்த அமிலம் கலந்தாலும் குளோரின் வாயு வெளிப்படும். 1915-இல் முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு, சன்னல் இல்லாத குளியலறையில் உயிருக்கே ஆபத்தாகும். வினிகருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

அமில வீச்சுக் கொடுமைகளைத் தடுக்க, சில்லறை அமில விற்பனைக்கு 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்தது. 18 வயதுக்கு உட்பட்டோருக்கு விற்கக் கூடாது. வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். பெயர், முகவரி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். விதியை மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

இந்த விதிகளைக் கண்காணிப்பது அரசின் கடமை. அதே வேளையில், கழிப்பறைக் கறையைக் காரணம் காட்டி வீடுதோறும் கடும் அமிலத்தைச் சேமிக்கும் வழக்கத்தை நாமும் கைவிட வேண்டும். படிவு தடிக்கும் முன்பே வாரம் ஒருமுறை எலுமிச்சையோ வினிகரோ கொண்டு துடைத்துவந்தால், அதற்குத் தேவையே எழாது.