அவசரம் வேறு, அவசியம் வேறு

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்கள் பல உதகைக்கும் மைசூருக்கும் புறப்படுவது வழக்கம். கூடலூரிலிருந்து தெப்பக்காடு வழியாக முதுமலைக் காட்டைக் கடந்து, பந்திப்பூர்க் காட்டினூடே குண்டுலுப்பேட்டையை அடையும் நெடுஞ்சாலையை நம்மில் பலர் அறிவோம். இரவு 9 மணிக்குமேல் அங்கே செல்வோரைச் சோதனைச்சாவடியின் தடுப்புக் கட்டை நிறுத்திவிடும். காலை 6 மணிக்குத்தான் வழி திறக்கும். "அரசாங்கம் போட்ட சாலையில் செல்ல நமக்கு உரிமை இல்லையா?" என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வது நல்லது.

முதுமலை 1940-இல் சரணாலயமாக்கப்பட்டது. 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று. பந்திப்பூர் 1973-இலேயே அப்பெயர் பெற்றது. நாகரகொளை, வயநாடு, சத்தியமங்கலம் ஆகிய காடுகளும் இவற்றோடு தொடர்ந்து கிடக்கின்றன. மாநில எல்லை என்பது நாம் வரைந்த கோடு; யானைக்கு அது தெரியாது. ஆசிய யானைகள் மிகுதியாக வாழும் நிலப்பரப்பு இது. இதன் குறுக்கே நாம் சாலைகளை அமைத்திருக்கிறோம்.

பகலில் அனுமதித்துவிட்டு இரவில் மட்டும் தடுப்பானேன்? சிறுத்தையும் முள்ளம்பன்றியும் புனுகுப் பூனையும் இரை தேடிப் புறப்படும் வேளை இரவு. யானைக் கூட்டம் தன் கன்றோடு சாலையைத் தாண்டித் தண்ணீருக்குச் செல்வதும் பெரும்பாலும் அப்போதுதான். இருளில் பார்ப்பதற்கென அமைந்த பல விலங்குகளின் கண்ணில், விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. மங்கிய வெளிச்சமே அவற்றுக்குப் போதுமானது. அத்தகைய கண்ணில் லாரியின் முகப்பு விளக்கு திடீரெனப் பாய்ந்தால், கண் கூசித் திகைத்து, ஓடவும் தெரியாமல் விலங்கு நடுச்சாலையிலேயே நின்றுவிடுகிறது. அடுத்த கணம் நடப்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இக்காரணத்தால் 2009 ஜூனில் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் பந்திப்பூர்ச் சாலைகளில் இரவுப் போக்குவரத்தைத் தடை செய்தது. எதிர்ப்பு எழவே, சில நாட்களில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. வழக்கு கர்நாடக உயர்நீதிமன்றம் சென்றது. 2010 மார்ச்சில் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. எனினும் நோயாளி ஊர்திகளுக்கும் குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளுக்கும் வழி விடப்பட்டது. வயநாடு செல்வோருக்கு ஹுன்சூர், கோணிகொப்பல், குட்டா வழியாகச் சுற்றுப்பாதையும் உண்டு.

இத்தடையால் துன்புறுவோர் இல்லையா? உண்டு. தடை பகலுக்கும் நீளுமோ என்ற அச்சத்தில் 2019-இல் சுல்தான் பத்தேரியில் இளைஞர்கள் உண்ணாநோன்பு இருந்தனர். நம் மாநிலத்தில், 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில், சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2022 பிப்ரவரியில் இரவுத் தடை நடைமுறைக்கு வந்தபோது தாளவாடி மக்கள் திரண்டு முறையிட்டனர். விளைந்த காய்கறியைச் சந்தைக்குச் சேர்க்க வேண்டிய உழவனுக்கு இரவு வேளை எத்துணை முக்கியம் என்பதை நாம் அறிவோம். அவர்கள் முறையீட்டில் நியாயம் இருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் உள்ளூர் மக்களின் வாகனங்களுக்கு நீதிமன்றம் விலக்கு அளித்தது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. அவசரம் வேறு, அவசியம் வேறு. பிரசவ வேதனையில் துடிக்கும் மலைக்கிராமத்துப் பெண்ணுக்கு அந்தச் சாலை அவசியம். சுற்றுலா முடித்து இரவோடிரவாக வீடு திரும்பத் துடிக்கும் நமக்கு அது அவசரம். அவசியத்திற்கு இடம் கொடாத சட்டம் கொடுமையாகிவிடும். ஒவ்வொருவருடைய அவசரத்திற்கும் வளைந்து கொடுக்கும் சட்டமோ சட்டமாகவே இராது. விலக்கு கேட்கும் உரிமை காட்டை ஒட்டி வாழும் ஏழைக்கு உண்டு; வேடிக்கை பார்க்க வந்த நமக்கு இல்லை. காட்டைக் காக்கும் சுமை முழுவதையும் அந்த ஏழையின் தோளிலேயே ஏற்றிவிட்டு, நாம் மட்டும் சலுகை தேடுவது எவ்வகையில் முறையாகும்?

ஆகவே, அடுத்த முறை குடும்பத்தோடு புறப்படும்போது நேரத்தைக் கணக்கிட்டுக் கிளம்புவோம். பொழுது சாய்வதற்குள் காட்டைக் கடந்துவிடுவோம். இயலாவிடில் கூடலூரிலோ குண்டுலுப்பேட்டையிலோ இரவு தங்குவோம். சோதனைச்சாவடிக் காவலரிடம் கெஞ்சுவதும் கையூட்டு நீட்டுவதும் வேண்டா. காட்டினுள் வண்டியை நிறுத்தாமலும், ஒலிப்பானை அலற விடாமலும், குரங்குகளுக்குத் தின்பண்டம் வீசாமலும் செல்வோம். எதற்காக மெல்லச் செல்கிறோம் என்று பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்வோம். ஒன்பது மணி நேரம் நாம் காத்திருந்தால் பெரிதாக எதுவும் குறைந்துவிடாது. கன்றோடு சாலையோரம் காத்து நிற்கும் தாய் யானைக்கோ, அந்த ஒன்பது மணி நேரமே வழி.