சங்கு நின்ற ஊரில் கம்பெனிச் சட்டம்

கம்பெனி மூடினால் முதல் பணம் யாருக்கு? ஊரிகத்தில் இது வெறும் தேர்வுக் கேள்வி அல்ல.

காலை ரயிலுக்கு ஊரிகம் நிலையத்தில் கூட்டம் சேர்கிறது. கையில் டிபன் பாக்ஸுடன் பெங்களூர் வேலைக்குக் கிளம்புகிறவர்கள். இவர்களில் பலருடைய அப்பாவோ தாத்தாவோ சங்கு ஊதியதும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். சங்கு நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. இதே ஊரிகத்தில் இருக்கிறது கெங்கல் ஹனுமந்தய்யா சட்டக் கல்லூரி.

வணிகச் சட்டம் என்றாலே சட்ட மாணவர்களுக்கு மலைப்புதான். பங்கு, கடன் பத்திரம், இயக்குநர் குழு எல்லாம் பார்த்திராத உலகம். வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் கன்னடம், சட்டப் புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளரும் தங்கவயல் பிள்ளைகளுக்குச் சிரமம் இன்னும் அதிகம். ஆனால் மற்ற ஊர் மாணவர்களுக்கு வாய்க்காத வசதி ஒன்று இவர்களுக்கு உண்டு. இங்கே தெருவே ஒரு வழக்குக் கட்டு.

ஜான் டெய்லர் நிறுவனம் 1880களில் நடத்தத் தொடங்கிய சுரங்கங்கள் 1956ல் மைசூர் அரசுக்கும், 1962ல் மத்திய அரசுக்கும் கைமாறின. 1972ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. ஆழம் கூடியது, தாதுவில் தங்கம் குறைந்தது, நஷ்டம் ஏறியது. நலிவுற்ற தொழில்களுக்கான 1985ம் ஆண்டுச் சட்டம் 1991ல் அரசு நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அடுத்த ஆண்டே தங்கவயல் விவகாரம் தொழில், நிதி மறுசீரமைப்பு வாரியத்திடம் போனது. 2000ல் நிறுவனத்தைக் கலைத்துவிடலாம் என்றது வாரியம். 2001 மார்ச் 1 முதல் சுரங்கம் மூடப்பட்டது.

அப்போதைய தொழில் தகராறு சட்டத்தின் 25-ஓ பிரிவுப்படி, 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சுரங்கத்தை மூட அரசின் அனுமதி தேவை. இங்கே அனுமதி கேட்டது மத்திய அரசின் நிறுவனம். அனுமதி தந்ததும் மத்திய அரசு. தொழிலாளர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2013 ஜூலையில் உலகளாவிய டெண்டருக்கு உச்ச நீதிமன்றம் வழிவிட்டது.

வணிகச் சட்டம் முதலாளிகளின் சட்டம் என்பது பொதுவான எண்ணம். அது பாதிதான் உண்மை. கம்பெனியைக் கலைக்கும் வழக்கில் தொழிலாளர்கள் வாய் திறக்க முடியுமா? கோவைக் குடும்ப நிறுவனம் ஒன்றின் வழக்கில், முடியும் என்று 1982 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் தீர்ப்பளித்தனர். பணம் போட்டவர் மட்டுமல்ல, உழைத்தவரும் கம்பெனியில் ஒரு தரப்பு என்பது அதன் சாரம்.

2016ம் ஆண்டின் திவால் சட்டம் கணக்கை மாற்றியது. கம்பெனி கலைக்கப்பட்டால் நடைமுறைச் செலவு போக மிஞ்சுவதில், தொழிலாளியின் கடைசி 24 மாத பாக்கிக்கும் பிணையை விட்டுக்கொடுத்த வங்கியின் கடனுக்கும் சம உரிமை. அதற்கு முந்தைய பாக்கி வரிசையில் பின்னால் தள்ளப்படும். இந்த ஏற்பாடு செல்லும் என்று 2023ல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகளில் உள்ள பணம் இந்தப் பங்கீட்டில் சேராது. பாக்கிக்காகத் தொழிற்சங்கமே மனுப் போடலாம் என்பது 2019ம் ஆண்டுத் தீர்ப்பு.

இவை தெரிந்தவருக்குத்தான் உரிமை. வாரியத்திடம் போனதிலிருந்து பூட்டு விழும்வரை தங்கவயலுக்கு ஒன்பது ஆண்டுகள் கிடைத்தன. இன்று அந்த வாரியமே இல்லை. புதிய சட்டத்தில் நலிந்த கம்பெனியின் தலைவிதி பொதுவாக 330 நாட்களுக்குள் தீர்மானிக்கப்பட வேண்டும். நோட்டீஸ் ஒட்டிய பிறகு வக்கீலைத் தேடி அலைய இனி நேரமிருக்காது. பாலன்ஸ் ஷீட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அதற்கு முன்பே தொழிலாளர் பக்கம் இருக்க வேண்டும். அவர் ஊரிகத்துப் பிள்ளையாக இருந்தால், வழக்கின் முதல் பக்கத்தை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.