எந்தப் பேட்டையில் தங்குவது?

மெக்சிகோ நாட்டின் தென்கோடியில், சியாபாஸ் மாநிலத்து மலைகளின் நடுவே, ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது சான் கிறிஸ்டோபல் தெ லாஸ் காசாஸ் என்னும் நகர். 1528-ஆம் ஆண்டில் ஸ்பானியர் நிறுவிய ஊர் இது. அங்குச் செல்லும் கத்தோலிக்கக் குடும்பம் எப்பேட்டையில் தங்கலாம் என்பதை ஈண்டு ஆராய்வோம். விடுதியின் வசதியை மட்டும் நோக்கி முடிவு செய்யத்தக்க கேள்வியன்று இது. அவ்வூரில் பேட்டை என்றால் ஒரு கோவில், ஒரு பாதுகாவலர், ஒரு திருவிழா. பலவிடங்களில் ஒரு கைத்தொழிலும் உண்டு.

ஊர் தோன்றியபோது நடுவில் ஸ்பானியர் குடியேறினர். அவர்களுக்குத் துணைப்படையாக வந்த மத்திய மெக்சிகோ மக்களோ ஊரின் ஓரங்களில் குடியமர்த்தப்பட்டனர். மெஹிக்கானோஸ், த்லாஸ்கலா என்னும் பேட்டைப் பெயர்கள் அவர்களையே இன்றும் நினைவூட்டுகின்றன. சிறு மேட்டின்மீதுள்ள செரியோ பேட்டையின் வரலாறு வேறு. அடிமைத்தளையினின்று விடுதலை பெற்ற பழங்குடி மக்கள் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் குடியேறிய இடம் அது.

தொமினிக் சபைத் துறவியான பர்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் 1545-இல் இங்கு ஆயராக வந்தார். பழங்குடியினரை அடிமைகளாக வைத்திருந்தோர் அவர்களை விடுவித்தாலன்றிப் பாவமன்னிப்பு இல்லை என்று உறுதியாக நின்றார். ஊரார் கொதித்தெழுந்தனர், 1546-இல் ஆயர் ஊரைவிட்டு அகன்றார். அன்று அவரைப் பொறாத ஊரே இன்று அவர் பெயரைச் சுமந்து நிற்கிறது!

ஆகவே செரியோ பேட்டையையே நாம் முதலாவதாகச் சொல்வோம். வீட்டுக் கூரைகளின்மேல் நாட்டப்படும் இரும்புச் சிலுவைகள் இங்குள்ள கொல்லர்களின் கைவண்ணம். சற்று நடந்தால் சிற்ப வேலைப்பாடு நிறைந்த முகப்பையுடைய புனித தொமினிக் ஆலயம். அதன் முற்றத்தில் பழங்குடிப் பெண்கள் தாங்கள் நெய்த துணிகளை விற்கிறார்கள். பேரம் பேசுமுன் அத்துணி எத்தனை நாள் உழைப்பு என்று எண்ணிப் பார்ப்பது நலம்.

முதியோருடன் செல்வோர்க்குப் பேராலயத்தை ஒட்டிய நடுவூரே ஏற்றது, தெருக்கள் சமதளமானவை. 1960 முதல் நாற்பது ஆண்டுகள் பழங்குடி மக்களுக்காக உழைத்த ஆயர் சாமுவேல் ரூயிஸ் இப்பேராலயத்தில் துயில்கொள்கிறார். 1994-இல் அரசுக்கும் கிளர்ச்சியாளருக்கும் இடையே சமாதானப் பேச்சு நடந்ததும் இங்கேதான். 2016 பிப்ரவரி 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவ்வாயரின் கல்லறையருகே செபித்தார். ஆனால் அருகிலுள்ள ரெயால் தெ குவாதலூப்பே தெருவில் உணவகங்களும் இசையும் மிகுதி. உள்ளூர் மக்களைவிட வெளிநாட்டாரையே அதிகம் காணலாம்.

அத்தெருவின் கிழக்குக் கோடியில் படிகள் ஏறினால் குன்றின்மேல் குவாதலூப்பே மாதா ஆலயம். டிசம்பர் 12-ஆம் நாள் திருவிழாவுக்குத் தீப்பந்தம் ஏந்திய இளைஞர் தொலைவிலிருந்து ஓடியே வந்து சேர்வர், வாணவேட்டு ஓயாது. உறக்கம் வேண்டுவோர் அந்நாட்களில் அப்பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

அவ்வாலயத்தின் பங்குத் தந்தையாயிருந்தவர் அருட்தந்தை மர்செலோ பெரேஸ். சோட்சில் பழங்குடியைச் சேர்ந்தவர். வன்முறையைக் கண்டித்துச் சமாதானத்திற்காகப் பாடுபட்டவர். 2024 அக்டோபர் 20, ஞாயிறன்று, குஷ்டித்தாலி பேட்டையில் திருப்பலி நிறைவேற்றித் திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். குருவுக்கே இக்கதியெனில் பயணிகள் அலட்சியமாயிருத்தல் தகாது. நகரின் புறஎல்லைகளில் வாடகை மலிவு என்று அறை எடுப்பதை நாம் ஆதரிக்கவில்லை. இருட்டியபின் வெளியே செல்ல நேர்ந்தால், விடுதியார் அழைத்துத் தரும் வாடகைக் காரிலேயே செல்க.

பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள சான் ஹுவான் சாமுலா சிற்றூரின் கோவிலைக் காணப் பலர் செல்வர். உள்ளே இருக்கைகள் இல்லை. தரையெங்கும் பைன் இலைகள், மெழுகுதிரிகள். படம் எடுப்பதற்குக் கண்டிப்பான தடை உண்டு. இதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

எப்பேட்டையாயினும் மே முதல் அக்டோபர் வரை மழை; டிசம்பர், ஜனவரி இரவுகளில் கடுங்குளிர். அறைகளில் பெரும்பாலும் கணப்பு இராது. கூடுதல் கம்பளி கிடைக்குமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே கேட்டறிக.